குளிர்ந்த ஊரும் காணாக் கதிரும்



ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கிருஷ்ணகிரியிலிருந்து மேடேறி வருவோர் காற்றின் குளிர்ச்சியை உணர்ந்து, இவ்வூரில் வெயில் தணிவு என்பர். வெப்பம் தணிவு என்பது மெய். வெயில் தணிவு என்பது பிழை. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் பத்து விழுக்காட்டளவு மிகுகின்றன. அவை கண்ணுக்குப் புலனாகா. வெம்மையாலும் தம்மை அறிவியா. அவற்றை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1801ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோகான் ரிட்டர் என்னும் அறிஞர், வெள்ளி குளோரைடு பூசிய தாளை, முப்பட்டகம் பிரித்துக் காட்டிய நிறமாலையில் வைத்தார். ஊதாவிற்கு அப்பால், எந்நிறமும் தோன்றாத இடத்தில், தாள் விரைந்து கறுத்தது. ஆங்கே ஏதோ ஒன்று உண்டு என்பது தெளிவாயிற்று. 1894இல் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, கடலோடிகளின் தோலில் தோன்றிய புற்றுக்கும் அவர்கள் பட்ட வெயிலுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். உலகம் செவிசாய்க்கவில்லை. தோலில் உண்டாகும் காசநோயை ஒளியால் ஆற்றிய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைக்கவே, மேனாட்டார் வெயிலை மருந்தென்றே கொண்டாடலாயினர். 1920களில் வெயிலிற் கறுத்த மேனி அங்கே நாகரிகமாயிற்று. (நம்மவரோ வெளுப்பதற்குக் களிம்பு தேடுகின்றனர். எது பெரிய பேதைமை என்பதை நீங்களே கூறுங்கள்.) புற ஊதா விளக்கொளியால் எலிகளுக்குப் புற்று உண்டாவதை 1928இல் ஃபிண்ட்லே மெய்ப்பித்த பின்னரும் அம்மோகம் தணியவில்லை.

வெள்ளையர் குடியேறிய ஆஸ்திரேலியா இதற்குப் பெருவிலை கொடுத்தது. சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி இடுக என்று 1981 முதல் அந்நாட்டில் ஓயாது பறைசாற்றினர். அப்பேச்சைக் கேட்டு வளர்ந்த நாற்பது வயதிற்குட்பட்டோரிடையே இன்று மெலனோமா என்னும் கொடிய தோற்புற்று குறைந்து வருகிறது.

நமக்கோ மெலனின் என்னும் கருநிறமி இயற்கை தந்த கவசம். ஆதலின் வெயிலால் வரும் தோற்புற்று நம்மிடை அரிது. காஷ்மீரத்தில், குளிர்காய உடலோடு அணைக்கும் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியின் சூட்டால் வரும் புற்றை எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866இலேயே எழுதி வைத்தார். தொழிலும் வழக்கமுங்கூடத் தோலுக்குப் பகையாதல் உண்டு என்பதற்கு அது சான்று.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின், ஓசூரில் வேறொரு ஞாயிறும் உதித்தது. வெல்டிங் பொறியைத்தான் சொல்கிறேன். அதிலிருந்தும் புற ஊதாக் கதிர் வெள்ளமாய்ப் பாய்கிறது. அக்கதிர் மனிதர்க்குப் புற்று விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வெளியிட்ட நூலில் வகுத்துள்ளது. கண்ணில் தோன்றும் மெலனோமாவே அதற்கு முதன்மைச் சான்று. அந்நோய் நம்மிடை அரிதே. ஆயின் விழியின் மேற்படலம் வெந்துபோதல் பட்டறைகளில் நாள்தோறும் நிகழ்வது. அப்படலத்திற்கு மெலனின் கவசம் இல்லை.

என் பழைய மாணவன் ஒருவனை ஒரு பட்டறையில் கண்டேன். இருபது வயதிருக்கும். முகக்கவசம் சுவரில் தொங்க, கண்ணை இடுக்கியபடி இரும்பை ஒட்டிக்கொண்டிருந்தான். “இரவில் கண்ணில் மணல் கொட்டினாற்போல் இருக்கும் ஐயா, காலையில் சரியாகிவிடும்” என்றான். நிறமாலைப் பாடத்தில், ஊதாவிற்கு அப்பால் உள்ளது யாது என்னும் வினாவிற்குப் பிழையின்றி விடை எழுதியவன் அவன். முழு மதிப்பெண் இட்டவன் நான். அது சுடும் என்பதை அன்று அவனுக்கு நான் சொல்லவில்லை.