சீட்டியடிக்கத் தெரியுமா?



சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். செருப்பு விடும் இடத்தருகே ஒரு பையன் நின்றிருந்தான். ஜார்க்கண்டிலிருந்து மில் வேலைக்கு வந்தவன். "ஜெய் யேசு, ஃபாதர்" என்றான். வீடு மந்திரிப்புக்கு நேரமாகிவிட்டதென்று கையை மட்டும் உயர்த்திவிட்டு வண்டியை எடுத்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புனித தொன் போஸ்கோ நினைவுக்கு வந்தார்.

1841 டிசம்பர் 8, அமல அன்னையின் திருநாள். இன்றைய இத்தாலியிலுள்ள தூரின் நகரில், குருவாகி ஆறே மாதமான தொன் போஸ்கோ திருப்பலிக்குத் தயாராகிறார். மூலையில் ஒரு பையன். பூசைக்கு உதவத் தெரியாது என்றதும் கோயில்பிள்ளை அவனை அடித்து விரட்டுகிறார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைக்கிறார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. வயது 16. தாய் தந்தை இல்லை. கொத்து வேலைக்கு வந்தவன். படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது. சீட்டியடிக்கவாவது தெரியுமா என்று கேட்டாராம் அந்தக் குரு. பையன் சிரித்துவிட்டான். ஓர் உலகளாவிய பணி அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

தொன் போஸ்கோ சிறைகளுக்கும் சென்றவர். விடுதலையான சிறுவர்கள், கவனிக்க ஆளில்லாமல் மீண்டும் அங்கேயே திரும்புவதைக் கண்டு வருந்தினார். ஞாயிறன்று விளையாட்டும் மறைக்கல்வியும், மாலையில் எழுத்தறிவும் தந்தார். வார நாள்களில் பட்டறைகளுக்கே சென்று பையன்களைப் பார்த்தார். 1852இல் ஒரு தச்சுப் பட்டறை முதலாளியோடு அவர் முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பையனுக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும், எடுபிடி வேலை வாங்கக் கூடாது, அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு தர வேண்டும், காலம் ஏற ஏறக் கூலியும் ஏற வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். சிறைக்குப் போயிருக்கக்கூடிய கைகள் உளி பிடித்தன. இதைவிடப் பெரிய பொருளாதாரம் எது?

பெல்ஜியத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் யோசேப் கார்டைன். தம்மோடு படித்துவிட்டு ஆலைக்குப் போன நண்பர்கள் திருச்சபையை விட்டு விலகிப் போனதைக் கண்டு உடைந்தார். உழைத்துத் தேய்ந்த தந்தை 1903இல் இறந்தபோது, தொழிலாளருக்காகவே வாழ உறுதிபூண்டார். 1925இல் இளம் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கம் உருவானது. பார், சிந்தி, செயல்படு என்பது அதன் வழிமுறை. இளைஞரை அவர் உதவி பெறுபவராக வைக்கவில்லை. தம் சகதொழிலாளருக்கே தலைவராக்கினார்.

தொன் போஸ்கோவின் சலேசியத் துறவியர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். ஆனால் தூரினின் நிலைமை நம் கொங்கு மண்ணுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் எழுந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. பிறகு திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்தது. இவ்வளவும் பெரும்பாலும் இளைய கைகளால் நடந்தவை. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று நம்பி, விடுதிக்குள்ளேயே வருடங்களைக் கழித்த பெண்பிள்ளைகளையும் நாம் அறிவோம். அவர்கள் நூற்ற நூலுக்குக் கணக்கு இருந்தது. அவர்கள் தனிமைக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

"இளைஞர் பணிக்குச் செலவழித்தால் பங்குக்கு என்ன வரவு?" என்று நம் கூட்டங்களில் கேட்கிறோம். கேள்வி தவறல்ல. பதில் ஒரே வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் ஏறாது, அவ்வளவுதான். குடிக்கும் கடனுக்கும் போகாமல் ஒருவன் ஊருக்கு அனுப்பும் பணம், அவன் தங்கை தொடரும் படிப்பு, பத்து வருடம் கழித்து அவன் நடத்தும் குடும்பம், இவையே வரவு.

வரும் ஞாயிறு முதல் இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி அறை திறந்திருக்கும். ஒரு கேரம் போர்டு இருக்கும். இந்தி தெரிந்தவர்களும், சம்பளச் சீட்டையும் பி.எஃப். கணக்கையும் விளக்கத் தெரிந்தவர்களும் ஒரு மணி நேரம் தர வேண்டுகிறேன். நானும் இருப்பேன். அந்தப் பையன் வந்தால், முதலில் பெயரைக் கேட்பேன்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.