உதகையின் வாராந்திர வானிலை முன்னறிவிப்பு: மழை, பனி வகைகளும் உடல்நலப் பாதுகாப்பும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இங்கு வாராந்திர வானிலை முன்னறிவிப்பைப் பார்ப்போர் பெரும்பாலும் வெப்பநிலையை மட்டுமே கவனிக்கின்றனர். உடல்நலத்தைப் பொறுத்தவரை அது போதாது. 10 டிகிரி செல்சியஸில் உலர்ந்த உடையுடன் இருப்பவரைவிட, அதே வெப்பநிலையில் நனைந்த உடையுடன் காற்றில் நிற்பவரின் உடல் மிக விரைவாக வெப்பத்தை இழக்கிறது. ஆகவே, எத்தனை டிகிரி என்பதோடு, பெய்யவிருப்பது தூறலா, கனமழையா, உறைபனியா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

அளவு: இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேர மழையைப் பின்வருமாறு வகைப்படுத்துகிறது.
• லேசான மழை: 2.5 முதல் 15.5 மி.மீ.
• மிதமான மழை: 15.6 முதல் 64.4 மி.மீ.
• கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ.
• மிக கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ.
• அதி கனமழை: அதற்கும் மேல்

நிறம்: மஞ்சள் என்றால் நிலைமையைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் தயார் நிலையில் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனடியாகச் செயல்பட வேண்டும்.

நாள்: முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கான கணிப்பு கூடுதல் நம்பகமானது. வார இறுதிக்கான கணிப்பு மாறக்கூடும் என்பதால் நாள்தோறும் மீண்டும் பாருங்கள்.

இடம்: மாவட்டம் ஒன்றாயினும் மழை ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகள் அதிக மழை பெறுகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குப் பகுதிகளில் கவனம் தேவை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மழை, பனி வகைகளும் கவனிக்க வேண்டியவையும்

தூறல்: அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள நுண்துளிகள். அளவு சிறிது என்பதால் பலர் குடையின்றிச் செல்கின்றனர். மணிக்கணக்கில் நனைந்தால் உடல் வெப்பம் குறையும். தோட்டத் தொழிலாளர்கள் மாற்றுடை ஒன்றை உடன் எடுத்துச் செல்வது நல்லது.

கனமழை: குடிநீர் மாசுபடக்கூடும். கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருகுங்கள். சரிவுகளை ஒட்டி வசிப்போர் நிர்வாகம் அறிவுறுத்தியவுடன் முகாமுக்குச் செல்லுங்கள். நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளை ஒரு வாரத்திற்கேனும் கையிருப்பில் வைத்திருங்கள்.

ஆலங்கட்டி மழை: இடியுடன் கூடிய கோடை மழையில் பெய்யக்கூடியது. உறுதியான கூரையின் கீழ் ஒதுங்குங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள்.

மூடுபனி: பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறையும் நிலை. ஆஸ்துமா உள்ளவர்கள் குளிர்ந்த காற்றை நேரடியாகச் சுவாசிக்காதவாறு மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, இன்ஹேலரை உடன் வைத்திருக்க வேண்டும்.

உறைபனி: உதகையில் காலையில் புல்வெளி வெண்மையாகத் தோன்றுவது பனிப்பொழிவு அன்று. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிந்து உறைவதே உறைபனி. வெப்பநிலை தரைக்கு மேல் ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கப்படுகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் தரை அதைவிடக் குளிர்ந்துவிடும். எனவே முன்னறிவிப்பில் 3 டிகிரி எனக் குறிப்பிட்டிருந்தாலும் தாழ்வான இடங்களில் உறைபனி ஏற்படலாம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்வதால், இதய நோயாளிகளும் முதியோரும் வெயில் வந்த பின்னரே நடைப்பயிற்சி மேற்கொள்ள வேண்டும்.

மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம்

குளிர் இரவுகளில் தடுக்கக்கூடிய உயிரிழப்புக்குக் காரணமாவது பல நேரங்களில் குளிர் அன்று, குளிர் காயும் நெருப்பே. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கரி அடுப்பை மூட்டினால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் விழித்தெழாமலேயே இறக்க நேரிடும். புகை வராத கங்கும் இவ்வாயுவை வெளியிடும். சுற்றுலா வந்து விடுதிகளிலும் கூடாரங்களிலும் தங்குவோரும் இதை மனத்திற்கொள்ள வேண்டும். தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியவை ஒரே அறையில் பலருக்கு ஒருசேர ஏற்பட்டால் உடனே அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள்.

உடல் வெப்பம் குறைந்தால்

விடாத நடுக்கம், குழறிய பேச்சு, தடுமாற்றம், தூக்கக் கலக்கம் ஆகியவை அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சோர்ந்து நடுக்கம் நின்றுவிட்டால், அது தேறியதன் அடையாளமன்று. நிலை மோசமாவதன் அறிகுறி.

• ஈர உடையைக் களைந்து, தலை உட்பட உலர்ந்த கம்பளியால் போர்த்துங்கள்.
• நினைவுடன் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். மது கொடுக்காதீர்கள்.
• கை கால்களை அழுத்தித் தேய்க்காதீர்கள். நெருப்பருகே கொண்டு செல்லாதீர்கள்.

மேற்கண்ட அறிகுறிகள், நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல் இருப்பின் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, நிலச்சரிவு, வெள்ளம் குறித்த தகவல்களுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 ஆகியவற்றைத் தொடர்புகொள்ளலாம்.