சாம்பலில் எழுந்த ஏட்டகம்

தெற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்கு வடக்கே, நெக்கார் ஆற்றங்கரை மேட்டில் அமைந்த சிறு நகரம் மார்பாக். கி.பி. 972ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதன் பெயர் காணப்பெறுகின்றது. 1693இல் பிரெஞ்சுப் படையினர் இட்ட தீயில் ஊர் எரிந்து சாம்பலாயிற்று. மக்கள் மீண்டும் வீடெழுப்பி வாழத் தலைப்பட்டனர். அவ்வூரின் எளிய மரச்சட்ட வீடொன்றில்தான் 1759 நவம்பர் 10ஆம் நாள் கவிஞர் ஷில்லர் பிறந்தார்.

அவர் அங்கு வாழ்ந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. 1805இல் மறைந்தது தொலைவிலுள்ள வைமாரில். ஆயினும் பிறந்த ஊர் அவரை மறக்கவில்லை. ஊரன்பர்களின் சங்கம் அவ்வீட்டை விலைக்கு வாங்கி, 1859இல், பிறந்தநாள் நூற்றாண்டின்போது நினைவில்லமாக்கிற்று. பின்னர் வூர்ட்டம்பெர்க் மன்னர் இரண்டாம் வில்ஹெல்மும் ஆதரவு நல்கினார். 1903இல் ஷில்லர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 1955இல் ஜெர்மன் இலக்கிய ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. 1988இல் ஏலத்தில் பெறப்பட்ட, காஃப்காவின் 'விசாரணை' நாவல் கையெழுத்துப்படி இன்று அங்கேயே பேணப்படுகின்றது. 2006இல் நவீன இலக்கிய அருங்காட்சியகமும் உடன் எழுந்தது.

தீயில் தன்னை இழந்த ஊர், இன்று ஒரு மொழியின் தாள்களைக் காத்து நிற்கின்றது. அரசும் அறிஞரும் பின்னரே வந்தனர். கவிஞனின் வீட்டை முதலில் காத்தது ஊரார் கூடிய ஒரு சிறு சங்கமே. இலக்கிய அமைப்புகள் எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு இது.