காய்ச்சலைத் தேடிப்போன மருத்துவர்

1890-இல் நியூயார்க் மருத்துவமனைக்குக் கை வீக்கத்தோடு 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். சார்கோமா வகைப் புற்றுநோய். இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி கையையே வெட்டி எடுத்தும் பலனில்லை. 1891 ஜனவரியில் அவள் இறந்துபோனாள். அந்தச் சாவு கோலியை விடவில்லை. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

அவற்றில் ஒன்று விசித்திரமாக இருந்தது. ஒருவருக்குக் கழுத்துக் கட்டி வெட்ட வெட்ட வளர்ந்துகொண்டே இருந்தது. ஆறாத அந்தப் புண்ணில் எரிசிபெலஸ் என்னும் பாக்டீரியத் தொற்று பற்றியது, கடுங்காய்ச்சல் அடித்தது, கட்டியோ கரைந்துபோனது. ஆண்டுகள் பல கழித்து, ஏழைகளின் குடியிருப்புகளில் அலைந்து கோலி அவரைக் கண்டுபிடித்தார். ஆள் நலமாக இருந்தார்.

1891-இலேயே, சாகும் நிலையிலிருந்த இத்தாலியர் ஒருவருக்கு எரிசிபெலஸை உண்டாக்கும் உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை ஊசியில் ஏற்றினார் கோலி. கட்டி சுருங்கியது, நோயாளி மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஆனால் வேறு சிலரைத் தொற்றே கொன்றது. எனவே 1893 முதல், சூட்டில் கொன்ற இருவகை பாக்டீரியாக்களைக் கலந்து கொடுத்தார். 'கோலி நச்சு' என்று பெயர் பெற்றது அதுதான்.

சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறியது. எப்படி வேலை செய்கிறது என்று அவராலேயே விளக்க முடியவில்லை. கதிர்வீச்சு வந்ததும் மருத்துவ உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சான்று கேட்டது நியாயம். கிருமியைக் கொண்டு புற்றை வெல்ல முடியுமா என்ற கேள்வியையே கைவிட்டதுதான் பெரும் இழப்பு. 1936-இல் கோலி மறைந்தார். மகள் ஹெலன் தந்தையின் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைத் தேடித் திரட்டி, 1953-இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. பிரான்சில் கால்மெட், கெரான் என்னும் ஆய்வாளர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்ததே பிசிஜி. சென்னை கிண்டியில் 1948-இல் அமைந்த ஆய்வகம் தயாரித்த அதே காசநோய்த் தடுப்பூசி. 1976-இல் கனடா மருத்துவர் அல்வாரோ மொராலெஸ், ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள் பிசிஜி செலுத்தி, புற்று திரும்பி வருவது குறைந்ததை அறிவித்தார். உயிருள்ள கிருமி சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்குகிறது. திரண்டுவரும் நோய் எதிர்ப்பு அணுக்கள் புற்றணுக்களையும் தாக்குகின்றன. 1990-இல் அமெரிக்கா இந்தச் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. தசைவரை பரவாத, ஆனால் திரும்பும் அபாயம் மிகுந்த சிறுநீர்ப்பைப் புற்றுக்கு, கட்டியை அகற்றியபின் மருத்துவர்கள் இன்றும் முதலில் நாடுவது பிசிஜியைத்தான்.