அச்சும் வெல்லமும்: ஆட்டோகேட் பிளாக்கின் பூர்வ கதை

நெல்லிக்குப்பம் என்றதும் கரும்பும் சர்க்கரை ஆலையும்தான் ஞாபகம் வரும். கரும்பு விளையும் ஊர்க்காரருக்கு ஆட்டோகேட் 'பிளாக்' என்றால் என்னவென்று புரியவைப்பது சுலபம். அச்சு வெல்லம்தான். அச்சு ஒன்று, வெல்லம் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. அச்சை இன்று மாற்றினால் நேற்று வார்த்த வெல்லம் மாறாது. பிளாக்கில் அதுவும் மாறிவிடும்!

டிராஃப்டிங் போர்டு காலத்தில் நம்மிடம் இருந்தது வெல்ல அச்சு மாதிரியான சமாச்சாரம்தான்: துளை போட்ட பிளாஸ்டிக் டெம்ப்ளேட். நூறு வால்வு வரைந்தபின் குறியீடு மாறினால் நூறையும் பிளேடால் சுரண்ட வேண்டியதுதான்.

இதை உடைத்தவர் ஐவன் சதர்லேண்ட். எம்.ஐ.டி.யில் 1963-இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக, டிஎக்ஸ்-2 கணினியில் ஒளிப்பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை எழுதினார். அதில் மூலப்படம் ஒன்று. மற்றவை அதைச் சுட்டும் பிரதிகள். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாம் தாமாகத் திருந்தும். 1982-இல் ஆட்டோகேட் வந்தது. அதன் பிளாக்கும் இதே யோசனைதான்.

சரி, அப்புறம் ஏன் பிளாக் தகராறு செய்கிறது? மூலம் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது. அதை அடையாளம் காட்டுவது பெயர் மட்டுமே. இரண்டு அலுவலகங்கள் வெவ்வேறு அளவு வால்வுக்கு 'வால்வு-1' என்றே பெயர் வைத்திருந்தால்? ஒரு கோப்பிலிருந்து காப்பி எடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது, ஏற்கெனவே அங்கிருக்கும் மூலமே ஜெயிக்கும். நீங்கள் கொண்டுவந்த வடிவம் போய், உள்ளூர் வடிவம் வந்து உட்காரும். கட்டளை வரியில் ஒரு சின்ன எச்சரிக்கை ஓடும், அதை யார் படிக்கிறார்கள்? தப்பான அளவோடு வரைபடம் பட்டறைக்குப் போனால் குழாய் பொருந்தாது.

இன்னொன்று 'எக்ஸ்ப்ளோட்'. அவசரத்துக்கு அதைத் தட்டினால் அந்தப் பிரதி வெறும் கோடுகளாகிவிடும். பிறகு மூலத்தைத் திருத்தினாலும் அது மட்டும் பழையபடியே நிற்கும். பிளாக்குகளை எண்ணி வாங்கும் பட்டியலிலும் அது வராது.

மருந்து எளிது. பெயரிலேயே அளவைச் சேருங்கள். ஒட்டுவதற்கு முன் இரு கோப்புகளிலும் ஒரே பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒன்றை மாற்றுங்கள். திருத்த வேண்டுமா? உடைக்காதீர்கள், பிளாக் எடிட்டரைத் திறங்கள். அச்சைத்தான் செதுக்க வேண்டும், வெல்லத்தை அல்ல.