ரா அமைப்பும் நமது எம்.பி.க்களும்

கச்சத்தீவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "நம்ம கரையில இத்தனை நடந்துச்சே, நம்ம எம்.பி.க்களுக்கு டில்லி எதையுமே சொல்லலையா?" கேள்வி சின்னது, பதில் கொஞ்சம் நீளம்.

கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது 1974 ஜூனில். வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தது ஜூலை 23ஆம் தேதி. அந்தத் தீவு என் தொகுதியைச் சேர்ந்தது என்று எதிர்த்தவர் நமது எம்.பி. மூக்கையாத் தேவர். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குப் பேச வாய்ப்பு. ஆனாலும் அங்கே ஓர் அமைச்சர் சபையில் எழுந்து பதிலாவது சொன்னார். உளவுத்துறை விஷயத்தில் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை.

வெளிநாட்டு உளவுக்கான ரா அமைப்பு 1968 செப்டம்பரில், இந்திரா காந்தி காலத்தில், ஐ.பி.யிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. முதல் தலைவர் ஆர்.என்.காவ். நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பிறந்த அமைப்பு அல்ல அது. அமைச்சரவைச் செயலகத்தில் ஒரு பிரிவு. தலைவர் பிரதமருக்குத்தான் பதில் சொல்வார். அதன் செலவு செயலகத்தின் மானியக் கோரிக்கைக்குள் அடங்கிவிடும். எம்.பி.க்கள் மொத்தத்துக்கு வாக்களிப்பார்கள். ரகசியச் செலவு என்ற தலைப்புக்கு வழக்கமான தணிக்கையும் கிடையாது. பயணப்படி பில்லில் பேருந்துச் சீட்டு ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சபையில் கேட்கும் கேள்விக்குப் பதில் எப்படித் தயாராகிறது என்பது என்னைப் போன்ற எழுத்தர்களுக்குத் தெரியும். (அ) பிரிவில் "அவ்வாறு நடைபெறுகிறதா?" என்று இருக்கும். அதற்கு "இல்லை" என்று எழுதிவிட்டால் போதும். (ஆ), (இ) எல்லாவற்றுக்கும் "வினா எழவில்லை". அரை மணி நேர வேலை. உண்மையைச் சொல்வதென்றால் பத்து நாள் கோப்பு தேட வேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகள் வந்து இறங்கியபோது, மண்டபம் முகாமில் பெயர் பதியும் வேலைக்கு என்னையும் அனுப்பினார்கள். பெயர், வயது, ஊர், உடன் வந்தவர்கள் என்று கட்டம் கட்டமாக எழுதினோம். அந்தப் பதிவேட்டில் வராத இளைஞர்களும் கரையில் இருந்தார்கள். எந்தப் படகு எந்த இரவில் போகிறது என்பது பாம்பன், தங்கச்சிமடம் தேநீர்க் கடைகளில் பேச்சாக இருந்தது. தமிழ்நாட்டில் முகாம்கள் இருப்பதை 1984 மார்ச்சில் இந்தியா டுடே பத்திரிகை விரிவாக எழுதியது. அப்படி எதுவும் இல்லை என்றது டில்லி. ரா அமைப்பு டேராடூன் அருகே சக்ராதாவில் பயிற்சி கொடுத்தது இன்று ஊரறிந்த செய்தி. அன்று பாம்பன் மீனவருக்குத் தெரிந்தது நாடாளுமன்றத்துக்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

1987 ஜூன் 3ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு படகுகள் புறப்பட்டு, இலங்கைக் கடற்படை மறித்ததால் திரும்பி வந்தன. மறுநாளே விமானத்தில் போய் உணவு போட்டார்கள். அதன் பின் அமைதிப்படை, 1991இல் ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் கொலையின் பின்னணியை ஆராய நீதிபதி ஜெயின் தலைமையில் ஆணையம் அமைந்தது. அதன் இடைக்கால அறிக்கை 1997 நவம்பர் 20ஆம் தேதி சபையில் வைக்கப்பட்டது. பயிற்சி, முகாம்கள், உளவுத்துறைச் செய்திகள் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. சபைக்கு வருமுன்பே அறிக்கையின் பகுதிகளை வெளியிட்டதும் இந்தியா டுடேதான். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு முறையும் எம்.பி.க்கள் விஷயத்தைப் பத்திரிகைக் கடையில் வாங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது! தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது காங்கிரஸ்; குஜ்ரால் மறுத்தார்; ஆதரவு போய், நவம்பர் 28ஆம் தேதி அவர் ராஜினாமா செய்தார். தொடக்கத்திலேயே நாலு எம்.பி.க்களிடம் ரகசியமாகச் சொல்லிக் கருத்துக் கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "இது எங்கே போய் முடியும்?" என்று அதிகாரிகளைக் கேட்க ஒரு ஆளாவது இருந்திருப்பார்.

நாடாளுமன்றம் இந்த அமைப்புகளைப் பற்றிச் சட்டமே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. 1980இல் ரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1985இல் அவர்கள் சங்கம் வைப்பதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, 24ஆம் பிரிவில் ஐ.பி.க்கும் ராவுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ஊழல், மனித உரிமை மீறல் புகார்களுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. ஆக, கேட்கும் வாயை அடைப்பதற்குத்தான் சபை கை தூக்கியிருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பாரிஸ் செய்திகளை இன்றும் பார்ப்பேன். அவர்களும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. 1985 ஜூலையில் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில், அணுகுண்டுச் சோதனையை எதிர்த்த கிரீன்பீஸ் கப்பலைப் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஒரு புகைப்படக்காரர் இறந்தார். முதலில் மறுப்பு, பிறகு பாதுகாப்பு அமைச்சர் எர்னு பதவி விலகினார். அதற்குப் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று, 2007இல்தான் நாடாளுமன்றக் குழு வந்தது. நாலு கீழவை உறுப்பினர், நாலு செனட்டர். நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கை பற்றி அவர்கள் கேட்க முடியாது. கேட்டதை வெளியே சொன்னால் குற்றம்.

ஓய்வுபெற்ற போலீஸ் நண்பர் ஒருவர் சிரிக்கிறார்: "நம்ம ஆளுங்க கிட்ட சொன்னா சாயங்காலமே டீக்கடைக்கு வந்துடும்யா." வரட்டுமே, அது எங்கள் டீக்கடைக்கு முன்பே வந்துவிட்டதே என்றேன்.

2010இல் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி, காவ் நினைவுச் சொற்பொழிவிலேயே, இதற்கு ஒரு நாடாளுமன்றக் குழு வேண்டும் என்று சொன்னார். 2011இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கும் 2016இல் தள்ளுபடியானது.