மறைந்தவனை வரைந்தவர்

கரடியூரில் ஒரு மாலை மூடுபனி இறங்கிற்று. காப்பித் தோட்டப் பாதையில் யாரோ வந்தார், ஆள் தெரியவில்லை. குடைக்காம்பைப் பிடித்த கை மட்டும் பனியில் மிதந்து வந்தது. "மாயாவி!" என்று சொல்லிவிட்டேன். வந்தவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-ல் முதல் இதழாக வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யைத்தான் சொல்கிறேன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாது. 1962-ல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். அவனை வரைந்தவர் ஜெசுஸ் பிளாஸ்கோ. 1919-ல் பார்ஸலோனாவில் பிறந்த ஸ்பானியர்.

பறக்கிற வீரனை வரைவதில் ஒரு சௌகரியம் உண்டு. புஜத்தைப் பெரிதாகப் போட்டு, முதுகில் ஒரு சால்வையைப் படபடக்க விட்டால் பாதி வேலை முடிந்தது. இல்லாத ஆளை எப்படி வரைவது? முகம் செய்ய வேண்டிய வேலையையெல்லாம் அந்த ஒற்றைக் கைக்குக் கொடுத்தார் பிளாஸ்கோ. அது தயங்கும், பதுங்கும், சினந்து பாயும். சுற்றியுள்ள வீதியும் விளக்கும் நிழலும், மிரண்டு நிற்பவர் முகங்களும் அப்படியே நிஜம். ஆகையால் நடுவிலிருந்த வெற்றிடத்தையும் நாங்கள் நம்பினோம். கதை எழுதுகிற எனக்கு இந்த வித்தை இன்னும் கைவரவில்லை.

சித்திரக்காரர் பெயரை அச்சிடுவது அக்காலத்துப் பிரிட்டிஷ் படக்கதைப் பத்திரிகைகளின் வழக்கமன்று. பிளாஸ்கோ 1995-ல் காலமானார். அவர் படங்களைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவன் நான். அவர் பெயர் எனக்குத் தெரிந்தது அதற்கும் வெகுநாள் கழித்துத்தான்.